எட்டு பாரில் நின்றுபோன மெட்டை முழுப் பாட்டாக்குவது எப்படி?

கம்ப்யூட்டரில் இசையமைக்கத் தொடங்கிய பலருடைய ஃபோல்டரில் எட்டு பார் (தாளத்தின் எட்டுச் சுற்று) நீளத் துண்டுகள் வரிசையாகக் கிடக்கும். டிரம்ஸ், பேஸ், ஸ்டிரிங்ஸ் எல்லாம் முதல் நொடியிலேயே சேர்ந்து ஒலிக்கும். கேட்க நன்றாகவும் இருக்கும், ஆனால் அதற்கு மேல் நகராது. திறமை போதவில்லை என்று நினைத்துப் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். தொடங்கிய வரிசையில்தான் சிக்கல். எல்லாக் கருவியும் முன்பே உள்ளே வந்துவிட்டால் பாடுகிறவருக்கு இடம் இருக்காது, இனி புதிதாக நுழைய ஆளும் இருக்காது. மெட்டை முதலில் பதிந்துவைத்து, அது மூச்சு வாங்கும் இடங்களில் மற்றவற்றை நிரப்பினால் பாட்டு தானாக நீளும்.

எடுத்துக்காட்டுக்கு ஒன்றை வைத்துக்கொள்வோம்: ஆண் குரல், ஒரு கட்டை சுருதி (அதாவது சி), மோகன ராகம், நான்கு பீட் தாளம். மென்பொருள் ரீப்பர். 60 நாள் முழு வசதியோடு பயன்படுத்திப் பார்க்கலாம் என்பதால் தொடக்கத்துக்கு வசதி. வேறு மென்பொருளிலும் வேலை இதேதான், பொத்தான்கள்தான் மாறும்.

வேகமும் தத்தகாரமும்

பல்லவியைப் பாடி வேகத்தை முடிவு செய்யாதீர்கள். சரணத்தில் சொற்கள் நெருக்கமாக வரும் வரி எதுவோ, அதைக் கை தட்டிப் பாடுங்கள். நாக்கு தடுக்காத வேகமே பாட்டின் வேகம். நம் பாட்டுக்கு 96 பிபிஎம் (நிமிடத்துக்கு 96 பீட்) என்று வைப்போம். இதை இப்போதே உறுதி செய்ய வேண்டும். குரலைப் பதிந்த பிறகு வேகத்தை மாற்றினால் மென்பொருள் ஆடியோவை இழுத்தோ சுருக்கியோதான் பொருத்தும், குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழைந்துவிடும்.

புராஜெக்ட்டின் ஒலித் தர அமைப்பு 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட். பதியும்போது பஃபர் (கம்ப்யூட்டர் ஒருமுறைக்குச் சேர்த்துவைத்துக் கையாளும் ஒலியின் அளவு) 128 இருந்தால் அதனால் வரும் தாமதம் 3 மில்லி நொடிக்குள் அடங்கும். மிக்ஸ் செய்யும்போது சத்தம் வெடித்து வெடித்து வந்தால் 1024-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது மெட்ரோனோமைப் போட்டு, 'தன்னன்னா' என்று தத்தகாரத்தில் பல்லவியையும் ஒரு சரணத்தையும் பாடிப் பதியுங்கள். மைக் சாதாரணமானதாக இருந்தால் போதும். குறில், நெடிலைத் தெளிவாகப் பாடுவதுதான் முக்கியம். நீண்ட ஸ்வரத்தில் 'தா' என்றும், குறுகிய ஸ்வரத்தில் 'த' என்றும் பாட வேண்டும். இதைக் கேட்டு வரி எழுதுகிறவர் நீட்ட வேண்டிய இடத்தில் குறிலை வைத்துவிட்டால் 'மலை' என்பது 'மாலை' ஆகிவிடும், 'கலை' 'காலை' ஆகிவிடும். இதை ஸ்டூடியோவில் பாடகர் வந்து நின்ற பிறகு கண்டுபிடித்தால் அன்றைய நேரம் வீண்.

பாட்டின் வரைபடம்

96 பிபிஎம்மில் ஒரு பீட் 0.625 நொடி, ஒரு பார் 2.5 நொடி. நான்கரை நிமிடப் பாட்டுக்கு 108 பார் வேண்டும். இப்படிப் பிரிக்கலாம்: முன்னிசை 8, பல்லவி 16, முதல் இடையிசை 12, முதல் சரணம் 20, பல்லவியின் முதல் பாதி 8, இரண்டாம் இடையிசை 12, இரண்டாம் சரணம் 20, மீண்டும் பல்லவி 8, முடிப்பு 4.

ரீப்பரில் ஒவ்வொரு பகுதியையும் மேலே உள்ள அளவுகோலில் இழுத்துத் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட்டுடன் ஆர் அழுத்தினால் பெயரோடு ஒரு ரீஜன் (குறித்துவைத்த பகுதி) உருவாகும். அந்த ரீஜனைப் பிடித்து இழுத்தால் உள்ளே இருக்கும் எல்லா டிராக்கும் சேர்ந்து நகரும், கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு இழுத்தால் நகல் வரும். இரண்டாம் சரணத்துக்கு முதல் சரணத்தை இப்படி நகலெடுத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படியே விட்டுவிடக் கூடாது, ஒரு கருவியையாவது மாற்றியாக வேண்டும். நகர்த்திய பிறகு வால்யூம் ஆட்டோமேஷன் கோடுகளும் (சத்தம் தானாக ஏறி இறங்க வரைந்தவை) கூடவே வந்தனவா என்று பாருங்கள். அவை பழைய இடத்திலேயே தங்கிவிட்டால் நடுப் பாட்டில் திடீரென்று குரல் அமுங்கும்.

மோகனத்துக்குக் கார்ட்ஸ்

அதிகம் தவறு நடப்பது இங்கேதான். மோகனத்தில் ச, ரி, க, ப, த மட்டும் உண்டு. சி சுருதியில் அவை சி, டி, ஈ, ஜி, ஏ. இந்த ஐந்துக்குள் முழுமையாக அமையும் மேஜர், மைனர் கார்ட்ஸ் (மூன்று ஸ்வரம் சேர்ந்து ஒலிப்பவை) இரண்டே: சி மேஜர், ஏ மைனர். பழக்கத்தில் எஃப் மேஜர் போட்டால் ராகத்தில் இல்லாத மத்யமம் (ம) நுழைகிறது. பாடகர் காந்தாரத்தில் (க) நீட்டி நிற்கும்போது அது அரைச்சுர இடைவெளியில் உரசும். ஜி மேஜரில் நிஷாதம் (நி) வரும், ஷட்ஜத்தில் (ச) நிற்கும் குரலோடு அதே உரசல்.

ஜி-யில் நடுஸ்வரத்தை எடுத்துவிட்டு அங்கே சி-யை வைத்தால் (ஜி சஸ் ஃபோர்) மூன்றும் ராகத்துக்குள்ளேயே நிற்கும். டி சஸ் ஃபோரும் அப்படியே: டி, ஜி, ஏ. இன்னொரு வழி, மேலே கார்டை மாற்றாமல் பேஸை மட்டும் சி, ஏ, ஜி, ஈ என்று நடக்க விடுவது. மெலடிக்கு இதுதான் மிகவும் அழகு. ஒரே கார்ட் நான்கு நிறத்தில் கேட்கும். எஃப்பும் ஜி மேஜரும் வேண்டும் என்றால் குரல் இல்லாத இடையிசையில் தாராளமாகப் போடலாம்.

குரல் விட்ட இடத்தில் கருவி

பல்லவியின் முதல் வரி நான்கு பார். குரல் முதல் பாரைப் பாடி, இரண்டாம் பாரின் இரண்டாவது பீட்டில் நிற்கிறது. அடுத்த அடியின் எடுப்பு, அதே பாரின் நாலரையாவது பீட்டில். இடையில் கிடைப்பது ஒன்றரை பீட். புல்லாங்குழல் மூன்றாவது பீட்டில் காந்தாரத்தைத் தொட்டுப் பஞ்சமத்துக்கு வழுக்கிச் செல்லட்டும், நான்காவது பீட்டில் தைவதம், அதோடு நிறுத்தம். நாலரையில் குழல் ஒலித்துக்கொண்டிருந்தால் வரியின் முதல் எழுத்து காதில் விழாது. நான்காம் பாரில் வரும் இடைவெளியில் குழலை மீண்டும் விடாமல் கிடாருக்குக் கொடுங்கள், அல்லது வெறுமையாக விடுங்கள்.

அந்த வழுக்கலை மிடியில் (ஸ்வரங்களைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் குறிப்பு) எழுதும்போது ஒரு தடை வரும். பெரும்பாலான கருவிகளில் பிட்ச் பெண்டின் (ஸ்வரத்தை மேலோ கீழோ வளைக்கும் வசதி) எல்லை இரண்டு அரைச்சுரம்தான். காந்தாரத்திலிருந்து பஞ்சமம் மூன்று அரைச்சுரம், ஆகவே எட்டாது. கருவியின் அமைப்பில் எல்லையை 12 ஆக்கிவிட்டு, 2048 அளவுக்கு வளைத்தால் சரியாகப் பஞ்சமத்தில் உட்காரும். நேர்கோடாக ஏற்றாமல், தொடக்கத்தில் மெதுவாகவும் முடிவில் வேகமாகவும் வளையுங்கள்.

தபேலா சாம்பிள் (முன்பே பதிந்த ஒலி) சி ஷார்ப்பில் இருந்தால் ஓர் அரைச்சுரம் இறக்காமல் சேர்க்காதீர்கள். என்ன மிக்ஸ் செய்தாலும் பாட்டு முழுக்க ஏதோ ஒட்டாததுபோலவே இருக்கும். குவான்டைஸை (அடிகளைத் தாளக் கோட்டோடு ஒட்டவைப்பதை) நூறு சதவீதம் போட்டால் தபேலா இயந்திரமாகிவிடும், 70 முதல் 80 போதும். ஸ்டிரிங்ஸ் சாம்பிள்கள் மெதுவாக எழும் என்பதால் சரியான இடத்தில் வைத்தாலும் பிந்தியே கேட்கும். அந்த டிராக்கை மட்டும் 50 மில்லி நொடி முன்னால் தள்ளிக் கேட்டுப் பாருங்கள்.

எது எப்போது நுழைவது? பல்லவியின் முதல் எட்டு பாரில் குரலும் கிடாரும் மட்டும். அடுத்த எட்டில் பேஸும் தபேலாவும். ஸ்டிரிங்ஸைச் சரணத்தின் பின்பாதி வரைக்கும் பூட்டி வையுங்கள். இரண்டாம் சரணம் தொடங்கும்போது தாளத்தை நான்கு பார் நிறுத்தினால், திரும்பி வரும்போது புதிதாய் எதுவும் சேர்க்காமலே பாட்டு உயரும். இடையிசை வேறு ராகத்துக்குப் போயிருந்தால் கடைசி பாரில் ஷட்ஜமோ பஞ்சமமோ தெளிவாக ஒலிக்க வேண்டும். பாடகர் சுருதி பிடிப்பது அதை வைத்துத்தான்.

கேட்டுச் சரிபார்த்தல்

எல்லா டிராக்கையும் ம்யூட் செய்து, குரலை மட்டும் வைத்து ஒவ்வொன்றாகத் திறந்து வாருங்கள். ஒரு கருவியைத் திறந்ததும் வரி புரியாமல் போனால் வால்யூமைத் தொடும் முன் அதை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றியோ கீழே இறக்கியோ பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். பிறகு போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். பேஸின் கீழ் சி ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸ், அந்தச் சின்ன ஸ்பீக்கர் அதைக் காட்டாது. பேஸ் காணாமல் போனால் சத்தத்தைக் கூட்டுவதால் பயனில்லை. லேசாக சாச்சுரேஷன் (ஒலியைச் சற்றே கரகரப்பாக்கும் எஃபெக்ட்) சேர்த்தால் 130 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் உள்ள ஓசைகள் எழுந்து, பேஸ் இருப்பது தெரியும்.

மிக்ஸிங் இன்ஜினியருக்கு அனுப்பும்போது, ஒவ்வொரு டிராக்கையும் முதல் பாரிலிருந்தே தனித்தனி வேவ் ஃபைலாக எடுங்கள், கருவி நுழைவது எழுபதாவது பாரில் என்றாலும் சரி. மாஸ்டரில் (எல்லா டிராக்கும் சேரும் இடம்) லிமிட்டர் (உச்ச சத்தத்தை அடக்கும் கருவி) இருந்தால் அணைத்துவிடுங்கள். உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். 108-வது பாரோடு வெட்டாமல் ஐந்து நொடி கூடுதலாக விடுங்கள், ரிவெர்பின் (எதிரொலி எஃபெக்ட்) வால் அதில்தான் அடங்கும். ஃபோல்டரின் பெயரிலேயே 96 பிபிஎம், ஒரு கட்டை என்று எழுதி, எல்லா ஃபைலையும் ஒரு வெற்று புராஜெக்ட்டில் போட்டு ஒருமுறை முழுக்க ஓட்டிப் பார்த்த பிறகு அனுப்புங்கள்.