மொபைல் டூல்கிட்டா, டெஸ்க்டாப் டூல்கிட்டா? முதலில் விரலைப் பாருங்கள்

மொபைலுக்கென எழுதிய டூல்கிட்டை (ஆப்பின் பட்டன், மெனு போன்றவற்றை அமைக்கும் ஆயத்தத் தொகுப்பை) அப்படியே டெஸ்க்டாப்பில் போட்டால் பட்டன்கள் பெருத்து, பாதித் திரை வெறுமையாகக் கிடக்கும். டெஸ்க்டாப் டூல்கிட் போனில் இன்னும் சிரமம்: மவுஸை மேலே வைத்தால் விரியும் மெனு விரலுக்குச் சரியாகப் பிடிபடாது. விரலால் தொடும் பட்டனின் அகல உயரத்துக்குக் குறைந்தது ஆப்பிள் 44 பாயிண்ட், கூகுளின் வடிவமைப்பு வழிகாட்டியான மெட்டீரியல் டிசைன் 48 டிபி கேட்கின்றன (இரண்டும் திரை அளவு அலகுகள்). அதை முதலில் பாருங்கள்.

நெருக்கமான அட்டவணையும் கீபோர்டு ஷார்ட்கட்டும்தான் பயனரின் அன்றாட வேலை என்றால், டெஸ்க்டாப் டூல்கிட்டே சரி. மொபைலுக்காக அதைக் கெடுக்க வேண்டாம்.

அப்புறம், திரை அகலத்தை மட்டும் நம்பிப் பிரிக்காதீர்கள். தொடுதிரை லேப்டாப்பில் திரை அகலமானதுதான், ஆனால் தொடுவது விரல். வலைப்பக்கத் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில், விரல் போன்ற துல்லியம் குறைந்த உள்ளீடு உண்டா என்று பார்க்கும் 'எனி-பாயிண்டர்: கோர்ஸ்' என்ற மீடியா குவெரியை (நிபந்தனையை) சேர்த்து, அதற்குள் பட்டன் அளவைக் கூட்டுங்கள், அங்கேயும் பட்டன் பெரிதாகிவிடும்.