அரிய ரெக்கார்டு கைக்கு வந்துவிட்டது: ஓட்டலாமா, வைக்கலாமா?

எங்கள் அப்பா மைக் செட் வைத்திருந்தவர். திண்டுக்கல்லைச் சுற்றி எந்த ஊரில் கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா என்றாலும் வேப்பமரத்தில் குழாய் கட்டி ரெக்கார்டு போடுவார். அவர் எனக்கு விட்டுப்போனது இரண்டு தகரப் பெட்டி. அதில் பெரும்பாலும் இபி (ஒன்றிரண்டு பாட்டு வரும் சின்னத் தட்டு), கொஞ்சம் எல்பி (நிறையப் பாட்டு வரும் பெரிய தட்டு), அடியில் பழைய துணியில் சுற்றிய பதினோரு அரக்குத் தட்டு. அரக்குத் தட்டு என்பது நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய காலத்துத் தட்டு, 78 என்றும் சொல்வார்கள். நான் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். தட்டு சேர்ப்பது என் தொழில் இல்லை. ஆனால் பெட்டியைத் திறந்த நாளிலிருந்து விடாமல் ஒரு கேள்வி வருகிறது: இதையெல்லாம் ஓட்டலாமா, ஓட்டாமல் வைக்கலாமா? அதைக் கேட்பவர்களில் முதல் ஆள் சென்னையில் இருக்கும் என் மனைவியின் தம்பி. "மாமா, அதை மட்டும் முள்ளுல வெச்சிடாதீங்க" என்பார். அவரிடம் அலமாரி நிறைய எல்பி இருக்கிறது. வீட்டில் பிளேயர் கிடையாது.

நான் அவர் கட்சி இல்லை. அதற்காக வாங்கியதையெல்லாம் அன்றைக்கே ஓட்டித் தேய்க்கும் கட்சியும் இல்லை. எந்தத் தட்டை எடுத்தாலும் ஒன்றைத்தான் முதலில் கேட்டுக்கொள்வேன்: இது இப்போது கைதவறி உடைந்தால், பாட்டே போய்விடுமா, தட்டு மட்டும்தான் போகுமா?

எம்.எஸ். பாடிய வெங்கடேச சுப்ரபாதம் எல்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 1963-ல் வந்தது. பிளேயர் இருந்த வீடுகளில் பாதிக்கு மேல் அது இருந்திருக்கும். "பழசு சார், எடுக்கவே கிடைக்காது" என்று எந்த வியாபாரி சொன்னாலும் சிரித்துவிட்டு நகருங்கள். வாங்கினால் விடிகாலையில் தாராளமாக ஓட்டுங்கள். 60களிலிருந்து 80கள் வரையான சினிமாத் தட்டுகளும் பெரும்பாலும் இந்த வகைதான். பாட்டு ஆயிரம் இடத்தில் இருக்கிறது. தட்டுக்கும் அட்டைக்கும்தான் விலை. நல்ல முள்ளில் ஓட்டினால் அந்த விலை ஒன்றும் இறங்காது.

அரக்குத் தட்டு வேறு கதை. 1930களின் நாடகப் பாட்டு, ஹரிகதை, நகைச்சுவை உரையாடல் எல்லாம் பத்து அங்குலத் தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் என்று வந்தன. அதில் பலவற்றுக்கு மூலப் பதிவே இன்று இல்லை. மிஞ்சிய தட்டுதான் மூலம். அப்படி ஒன்று கிடைத்தால் முள்ளைத் தேடுவதற்கு முன், வேறு யாராவது ஏற்கெனவே பிரதி எடுத்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஓடியன், யங் இந்தியா ஆகிய இரண்டு லேபிள்களின் தட்டுகள் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தில் பெருமளவு பிரதியெடுக்கப்பட்டு இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன. சென்னையில் ஓடியன் தட்டு விற்றது சரஸ்வதி ஸ்டோர்ஸ்; ஏவி. மெய்யப்பன் சினிமாவுக்கு வந்ததே அந்த வழியில்தான். லேபிளில் இருக்கும் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். அங்கே இருந்தால் உங்கள் தட்டுக்கு வேலை இல்லை, நிம்மதியாக நிற்கட்டும். இல்லையென்றால் ஒரே ஒரு தடவை ஓட்ட வேண்டும், பிரதி எடுப்பதற்காக. ஓட்டாமலே வைத்திருந்தால் அது பாட்டு இல்லை, கறுப்பு வட்டம்.

வாங்கும்போது தட்டைக் குழல்விளக்குக்கு நேராகப் பிடிக்காதீர்கள். சாய்த்துப் பிடித்து, வெளிச்சம் வரிகளின் (முள் ஓடும் பள்ளங்களின்) மேல் ஓடும்படி மெதுவாகத் திருப்புங்கள். கறுப்பு பளபளவென்று இருந்தால் சரி. ஒரு பாட்டு இருக்கும் அகலத்துக்கு மட்டும் சாம்பல் பூத்த மாதிரி இருந்தால், அது தூசி இல்லை, தேய்மானம். மைக் செட் தட்டில் இதை அப்பட்டமாகப் பார்க்கலாம். அப்பாவின் இபி ஒன்றில் அம்மன் பாட்டு இருக்கும் பக்கம் அடுப்புச் சாம்பல் நிறம். மறுபக்கத்தை யாரும் கேட்கச் சொன்னதே இல்லை போல, கடையிலிருந்து நேற்று வந்த மாதிரி மின்னுகிறது. உறையிலும் லேபிளிலும் ஊதா மையில் அவருடைய சவுண்ட் சர்வீஸ் முத்திரை. அது இருந்தால் தட்டுக்குப் பாதி விலைதான் என்கிறார் மச்சினர். எனக்கு அது இருந்தால்தான் தட்டு.

கீறலைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். விரல் நுனியை மெல்ல ஓட்டிப் பாருங்கள். தட்டுப்படாத கீறல் பெரும்பாலும் சத்தம் மட்டும் போடும். தட்டுப்படுவது முள்ளைத் தூக்கி எறியும். பிரிக்காத சீல் என்று கூடுதல் காசு கேட்டாலும் மயங்க வேண்டாம். பிளாஸ்டிக் சுற்றும் எந்திரம் எந்த பேக்கிங் கடையிலும் இருக்கிறது. அசல் சீலாகவே இருந்தாலும் வருஷக்கணக்கில் அந்தப் பிளாஸ்டிக் இறுகித் தட்டையே வளைத்திருக்கலாம்.

இனி முள். இதில் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் ஓட்டுவதால் கெட்டது என்று சொல்லப்படும் தட்டுகளில் முக்கால்வாசி, கெட்ட முள்ளால் கெட்டவை.

அப்பாவின் பிளேயரில், முள்ளைத் தாங்கும் கையான டோன் ஆர்மின் தலையில் ஒரு நாலணாவை பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருப்பார். திருவிழாக் கூட்டம் ஆடும் ஆட்டத்தில் மேஜை அதிர்ந்தாலும் பாட்டு தாவக் கூடாது அல்லவா? அந்த நாலணா இரண்டரை கிராம். இன்றைக்குக் கிடைக்கும் ஒரு சாதாரண காந்த கார்ட்ரிட்ஜ் (டோன் ஆர்மின் நுனியில் முள் பொருந்தும் பகுதி) முழுசாகக் கேட்கும் எடையே ஒன்றரையிலிருந்து இரண்டரை கிராம் வரைதான். ஏற்கெனவே கனமாக அழுத்திய பழைய செராமிக் கார்ட்ரிட்ஜ்மேல் இவர் இன்னொரு முழு எடையை ஏற்றியிருக்கிறார். அம்மன் பாட்டு சாம்பல் பூத்ததில் என்ன ஆச்சரியம்?

அதனால் முதல் செலவு தட்டுக்கு இல்லை, முள் எடை பார்க்கும் சின்ன தராசுக்கு. நான் முதலில் நகைக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் கையடக்கத் தராசில் பார்த்தேன். மூன்று முறை வைத்தால் மூன்று எண் காட்டியது. அப்புறம்தான் புரிந்தது: கார்ட்ரிட்ஜுக்குள் காந்தம் இருக்கிறது, தராசின் தட்டு இரும்பு, அது முள்ளைக் கீழே இழுக்கிறது. இரும்பு இல்லாத தட்டாகப் பார்த்து வாங்குங்கள். அளக்கும்போது முள் நிற்கும் உயரம், ரெக்கார்டின் மேல்பரப்பு இருக்கும் உயரமாகவே இருக்கட்டும். உயர்ந்தால் எடை மாறிக் காட்டும். கார்ட்ரிட்ஜ் கம்பெனி எத்தனை கிராம் சொல்கிறதோ அதையே வையுங்கள். குறைத்து வைத்தால் தட்டுக்கு நல்லது என்று நினைப்பது தப்பு. எடை போதாத முள் வரிக்குள் நிலையாக உட்காராமல் குதித்துக் குதித்துச் சுவரைக் கொத்தும். சரியான எடையைவிட அது அதிகம் கெடுக்கும்.

சூட்கேஸ் மாதிரி மடக்கி எடுத்துப் போகும் மலிவுப் பிளேயர்கள் பலவற்றில் எடையை மாற்றவே வழி இல்லை, முள் ஐந்து கிராமுக்கும் மேல் அழுத்தும். சுப்ரபாதத்துக்கு அது போதும். அரியது என்று நீங்கள் நினைக்கும் எதையும் அதில் வைக்காதீர்கள்.

இன்னொன்று, 78-க்கும் எல்பிக்கும் ஒரே முள் ஆகாது. 78-இன் வரி அகலம், அதற்குரிய முள்முனை சுமார் 75 மைக்ரான். எல்பிக்கு 18 முதல் 25 வரை. எல்பி முள்ளை அரக்குத் தட்டில் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கில் உரசிக்கொண்டு போகும், பாட்டுக்குப் பதில் கரகரப்புதான். மாற்றி வைத்தால் எல்பி காலி. ஒரே கார்ட்ரிட்ஜில் இரண்டு முள்ளையும் மாற்றிப் போடும்படி கிடைக்கிறது, அப்படி வாங்குங்கள்.

பெரிய குழாய் வைத்த, சாவி கொடுக்கும் கிராமபோன் வைத்திருப்பவர்கள் என்னிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். அழகுதான். ஆனால் அதில் போடுவது எஃகு ஊசி. அரக்குத் தட்டில் பொடிக்கல் கலந்திருப்பார்கள், ஊசி வரிக்கு ஏற்றபடி தேய்ந்து பொருந்துவதற்காக. அதனால் ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி, அடுத்த பக்கத்துக்குப் புது ஊசி என்பதுதான் கணக்கு. சிக்கனம் பார்த்துப் பழைய ஊசியில் இன்னொரு பக்கம் ஓட்டினால் அது ஊசி இல்லை, உளி. எல்பி, இபியை அந்தக் கிராமபோனில் ஒரு விநாடிகூட வைக்கக் கூடாது.

தேய்ந்த தட்டைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு காரியம் செய்து பாருங்கள். பழைய உருண்டை முள் சுவரின் ஒரு மட்டத்தைத்தான் தேய்த்திருக்கும். நீள்வட்ட முனை கொண்ட முள் வேறு மட்டத்தில் தொடும். அம்மன் பாட்டை அப்படித்தான் திரும்பக் கேட்டேன். முழுசாகச் சுத்தம் இல்லை, ஆனால் நாதஸ்வரம் நாதஸ்வரமாகக் கேட்டது.

ஓட்டும் முன் கழுவ வேண்டும். தூசியோடு ஓட்டினால் முள் அதை வரிக்குள் அரைத்துவிடும். எல்பி, இபிக்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், அதில் ஐந்தில் ஒரு பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மென்மையான வெல்வெட் துணி. வரி போகும் திசையிலேயே துடைத்து, வேறு துணியால் ஒற்றி எடுங்கள். லேபிள் நனையக் கூடாது. அரக்குத் தட்டுக்கு ஆல்கஹால் ஆகவே ஆகாது, அரக்கு அதில் கரையும். எனக்குத் தெரிந்த ஒருவர் மருந்துக் கடை ஸ்பிரிட்டால் துடைத்து, துணியில் பாட்டை எடுத்துவிட்டார். வெறும் டிஸ்டில்டு வாட்டர், ஒரு துளி பேபி ஷாம்பு, சட்டென்று துடைத்து உலர்த்துங்கள், அவ்வளவுதான்.

வேகத்தைச் சரிபார்ப்பதில் எங்கள் தொழில் உதவுகிறது. 180 கோடு போட்ட வட்டத்தைக் காகிதத்தில் அச்சடித்து, சுழலும் தட்டில் வைத்து, சோக் வைத்த பழைய டியூப் லைட்டின் கீழே பாருங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு நூறு முறை மினுக்கும். எல்பியின் வேகமான நிமிடத்துக்கு 33⅓ சுற்று சரியாக இருந்தால் கோடுகள் அசையாமல் நிற்கும். முன்னால் நகர்ந்தால் வேகம் அதிகம், பின்னால் நகர்ந்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. எல்இடியில் பெரும்பாலும் இது தெரியாது. சோக் டியூப் லைட் எங்கள் கடையில் இன்னும் ஒன்று எரிகிறது, இதற்காகவே விட்டுவைத்திருக்கிறேன்.

அந்த ஒரே தடவை ஓட்டும் தட்டுக்கு எல்லாம் தயாரான பிறகுதான் முள்ளை இறக்க வேண்டும். முதலில் ஒரு சாதாரணத் தட்டைப் போட்டு ஒலி அளவைச் சரிசெய்து, கம்ப்யூட்டரில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவை ஆரம்பித்த பிறகு முள்ளை இறக்குங்கள், கடைசி வளையத்தில் சுற்றும் வரை நிறுத்தாதீர்கள். பழைய தட்டுகள் சிலவற்றில் பாட்டு முடிந்ததும் பாடியவரே தன் பெயரைச் சொல்வார். 1902-ல் கல்கத்தாவில் பதிவான கௌஹர் ஜானிலிருந்து தொடங்கிய வழக்கம் அது. பாட்டு முடிந்தது என்று முள்ளைத் தூக்கினால் அது போச்சு. கரகரப்பை நீக்குவதெல்லாம் பிரதியின் பிரதியில் செய்யுங்கள், முதல் கோப்பைத் தொடாதீர்கள். லேபிள் இரண்டு பக்கமும், லேபிளைச் சுற்றி அரக்கில் பொறித்திருக்கும் எண்ணும் தெரியும்படி படம் எடுத்து அதே இடத்தில் வையுங்கள்.

வைப்பதைப் பற்றி அதிகம் இல்லை. நிற்க வையுங்கள், அடுக்காதீர்கள், சாய விடாதீர்கள். நூறு எல்பி அட்டையோடு இருபது கிலோவைத் தாண்டும், அலமாரிப் பலகை அதைத் தாங்க வேண்டும். மே மாதத்தில் காருக்குள் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கும், சிலிக்கா ஜெல் போடுங்கள்.

கடைசியாக அப்பாவின் பதினோரு தட்டில் ஒன்று. ஓரத்திலிருந்து நடு நோக்கி இரண்டு விரல் அகலத்துக்கு மயிரிழை விரிசல். 78-இல் ஓட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் முள் அதில் மோதித் துள்ளுகிறது. மச்சினர் போனிலேயே "வேண்டாம் மாமா" என்றார். வேகத்தைக் குறைத்து, நிமிடத்துக்கு 45 சுற்றில் ஓட்டினேன். மெதுவாகப் போகும்போது முள் விரிசலைத் தாவாமல் ஏறி இறங்கியது, ஒரு 'டக்' மட்டும். பேய் முனகுகிற மாதிரி வந்த அந்தப் பதிவைக் கம்ப்யூட்டரில் 1.733 மடங்கு வேகமாக்கினேன். ஆர்மோனியம் முதலில் நேரானது, பிறகு குரல். தட்டைத் திரும்ப அப்பாவின் துணியிலேயே சுற்றி வைத்துவிட்டேன். கோப்பை அன்று ராத்திரியே மச்சினருக்கு அனுப்பினேன். மறுநாள் காலையில் கேட்டார், பிளேயர் வாங்கினால் எந்த முள் நல்லது என்று.