ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் தமிழ் வாசிப்பை ஆராய்வது எப்படி?

மூன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைத் தடங்கலின்றி உரக்க வாசித்து முடிக்கும் ஆட்டிசம் உள்ள சிறுவன், "கதையில் என்ன நடந்தது?" என்று கேட்டதும் கடைசி வரியை அப்படியே திருப்பிச் சொல்கிறான். "வாசிக்கிறான், ஆனால் புரியவில்லை" என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவது எளிது. அவனுக்குச் சொற்களின் பொருள் தெரியவில்லையா, எழுத்துத் தமிழின் நடை பழக்கமில்லையா, கேள்வியின் வடிவம் குழப்பியதா, பதிலை வாயால் சொல்வதுதான் கடினமா என்பது அந்தக் குறிப்பிலிருந்து தெரியாது. சிறப்புக் கல்வி, பேச்சு மொழிச் சிகிச்சை, உளவியல் ஆகிய துறைகளில் முதுநிலை ஆய்வுக்குத் திட்டமிடும் மாணவர்கள் இந்தக் காரணங்களை எவ்வாறு பிரித்தறியலாம் என்பதையே இங்கு விளக்குகிறேன்.

வாசிப்பு ஆய்வாளர்களான கஃப், டன்மர் இருவரும் 1986-இல் முன்வைத்த எளிய கோட்பாட்டிலிருந்து தொடங்கலாம். வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது என்றார்கள் அவர்கள். இரண்டில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியமே. புரிதலைக் காட்டிலும் எழுத்தறிதல், அதாவது எழுத்தை ஒலியாக்கும் திறன், வெகுவாக முந்தி நிற்கும் நிலைக்கு 1967-லேயே ஹைப்பர்லெக்சியா என்று பெயரிடப்பட்டுவிட்டது. ஆனால் ஆட்டிசம் உள்ள எல்லாக் குழந்தைகளும் அப்படிப்பட்டவர்கள் என்று கருதுவது தவறு. கேட் நேஷனும் உடன் ஆய்வாளர்களும் 2006-இல் 41 குழந்தைகளைச் சோதித்தபோது, வாசிக்கவே இயலாதவர்கள் முதல் வயதுக்கேற்ப வாசித்துப் புரிந்துகொள்பவர்கள் வரை எல்லா நிலையினரும் அந்தச் சிறு குழுவுக்குள் இருந்தனர். ஆகவே எழுத்தறிதல், கேட்டுப் புரிதல், வாசித்துப் புரிதல் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு குழந்தையிடமும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

எழுத்தறிதலை அளக்கப் பழகிய சொற்கள் மட்டும் போதாது. குழந்தை அவற்றைப் படமாக மனத்தில் வைத்திருக்கக்கூடும். 'நொடுவம்', 'பகேணி' போன்ற பொருளற்ற சொற்களை உருவாக்கி வாசிக்கச் சொல்லுங்கள். தமிழில் ககரம் இடத்துக்கேற்ப வலித்தும் மெலிந்தும் ஒலிப்பதால், அத்தகைய இரு ஒலிப்புகளையும் சரியென ஏற்பதாக மதிப்பெண் விதியில் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்ததுதான் தமிழ் ஆய்வாளர் மிகுந்த கவனம் செலுத்த வேண்டிய இடம். நம் குழந்தைகள் பேசும் தமிழ் வேறு, வாசிக்கும் தமிழ் வேறு. எழுத்துத் தமிழில் ஒரு பத்தியைக் கொடுத்து, அதற்குப் பதில் வரவில்லை என்பதற்காகப் புரிதல் குறைவு என்று முடிவுகட்டினால், நாம் அளந்தது புரிதலையா அல்லது இரு நடைகளுக்கும் இடையிலான தொலைவையா என்று நமக்கே தெரியாமல் போகும். சிகிச்சையும் காணொளிகளும் ஆங்கிலத்திலும் வீட்டுப் பேச்சு தமிழிலும் நடக்கும் குடும்பங்களில் இத்தொலைவு இன்னும் கூடலாம் என்பதால், எந்த மொழி எங்கே எவ்வளவு நேரம் பேசப்படுகிறது என்பதைப் பெற்றோரிடம் முதலிலேயே விரிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பத்தியையும் இரு நடைகளிலும் எழுதிக்கொள்வதே நான் பரிந்துரைக்கும் வழி. "பாட்டி குடையை மடித்து மூலையில் வைத்தாள். முந்தானையைப் பிழிந்தாள். 'பூக்கடையும் மூடியிருக்கிறது' என்று சலித்துக்கொண்டாள்." இது எழுத்து நடை. "பாட்டி கொடைய மடிச்சு மூலையில வெச்சா. முந்தானையப் பிழிஞ்சா. 'பூக்கடையும் மூடியிருக்கு'ன்னு சலிச்சுக்கிட்டா." இது பேச்சு நடை. குடை எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு விடை பத்தியிலேயே உள்ளது. வெளியே மழை பெய்ததா என்பதற்கு உலக அறிவைக் கொண்டு ஊகிக்க வேண்டும். பாட்டி ஏன் சலித்துக்கொண்டாள் என்பதற்கு அவளுடைய மனத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். வேறு கடைகளும் மூடியிருந்தனவா என்ற கேள்வியோ முழுக்க முழுக்க 'பூக்கடையும்' என்ற சொல்லிலுள்ள உம்மையைச் சார்ந்தது. இந்த நான்கில் எதில் குழந்தை தடுமாறுகிறது, அத்தடுமாற்றம் பேச்சு நடையில் குறைகிறதா என்று பார்த்தால், மொத்த மதிப்பெண் காட்டாத பலவும் தெரியவரும். ஒரே குழந்தைக்கு ஒரே பத்தியின் இரு வடிவங்களையும் கொடுக்கக் கூடாது. இணையான பத்திகளைத் தயாரித்து, குழந்தைகளிடையே வரிசையை மாற்றிக் கொடுக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் புகழ்பெற்ற சோதனைகளை மொழிபெயர்த்துப் பயன்படுத்தும் ஆசையை விட்டுவிடுங்கள். உளவியலாளர்களான உட்டா ஃப்ரித், ஸ்னோலிங் இருவரும் 1983-இல் பயன்படுத்திய சோதனை, ஒரே எழுத்தமைப்புக் கொண்ட சொல்லைச் சூழலுக்கேற்ப வெவ்வேறாக உச்சரிப்பதை அடிப்படையாகக் கொண்டது. தமிழில் 'பாவம்', 'பந்தம்' போன்று அப்படி ஒலி மாறும் சொற்கள் மிகச் சில. 'ஆறு', 'மாலை', 'படி' ஆகியவை பொருள் மாறினாலும் ஒலி மாறாதவை. ஆகவே உச்சரிப்பைக் கேட்பதற்குப் பதிலாக, "மாலையைக் கழுத்தில் போட்டான்" என்ற வாக்கியத்தை வாசித்தபின் பூமாலை, அந்தி வானம் ஆகிய இரு படங்களில் ஒன்றைத் தொடச் சொல்வது பொருத்தமாக இருக்கும்.

கேள்விகளை இறுதி செய்யுமுன், பத்தியை வாசிக்காத சில குழந்தைகளிடம் அவற்றைக் கேட்டுப் பாருங்கள். வாசிக்காமலே பலர் சரியாகச் சொல்லும் கேள்வி புரிதலை அளப்பதில்லை; அதை நீக்கிவிட வேண்டும். ரயிலைப் பற்றி எல்லாம் தெரிந்த குழந்தைக்கு ரயில் பற்றிய பத்தி கொடுத்தாலும் இதே சிக்கல் வரும். வாய்மொழி, சுட்டிக்காட்டுதல், எழுதுதல், தட்டச்சு ஆகிய எந்த வழியில் பதில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். கேள்வியையே குழந்தை திருப்பிச் சொன்னால் உடனே தவறென்று குறித்துவிட வேண்டாம். எதிரொலிப் பேச்சுக்குப் பல பயன்கள் உண்டு என்று ஆய்வாளர்களான பிரிசன்ட், டியூகன் இருவரும் 1981-லேயே காட்டியிருக்கிறார்கள். "தண்ணி வேணுமா?" என்பதே ஒரு குழந்தைக்குத் தண்ணீர் கேட்கும் முறையாக இருப்பதை நாம் அன்றாடம் காண்கிறோம். பத்து விநாடி பொறுத்திருந்து, அதன்பின் வரும் பதிலையும் பதிவு செய்யுங்கள்.

ஒப்பீட்டுக் குழுவை வயதால் மட்டும் பொருத்தினால், மொழி வளர்ச்சியில் உள்ள வேறுபாட்டை ஆட்டிசத்தின் விளைவாகத் தவறாகக் கருத நேரிடும். சொல்வளத்தில் நிகரான ஒரு குழுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 36 ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வெளியான பகுப்பாய்வும், சொற்பொருள் அறிவும் எழுத்தறிதலுமே வாசிப்புப் புரிதலை வலுவாக முன்னறிவிக்கின்றன என்றும், ஆட்டிசம் என்ற பெயர் மட்டும் அதைச் சொல்லிவிடாது என்றும் காட்டுகிறது.

நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எதையும் தொடங்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், பெற்றோர் ஒப்புதலோடு 7 முதல் 12 வயது வரையான குழந்தையின் வாய்மொழி இசைவையும், அதற்கு மேல் 18 வயது வரை எழுத்துமூல இசைவையும் கோருகின்றன. பேசாத குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்வதும், தாளைத் தள்ளிவிடுவதும், எழுந்து போவதும் மறுப்புதான். அன்றைய அமர்வை அத்துடன் நிறுத்திவிட வேண்டும். மினுக்கும் டியூப்லைட்டும் கிறீச்சிடும் மின்விசிறியும் உள்ள அறையைத் தவிருங்கள். முதல் சந்திப்பு பழகுவதற்கு மட்டுமே; அன்று எதையும் அளக்காதீர்கள்.

திறந்த வினாக்களின் விடைகளை இருவர் தனித்தனியே மதிப்பிட்டு, அவர்களுக்கிடையிலான ஒத்திசைவைக் கணக்கிட்டுத் தெரிவிக்க வேண்டும். ஆய்வேட்டில் குழுவின் சராசரியோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு குழந்தையின் மூன்று அளவுகளையும் பெயரின்றி ஒரே அட்டவணையில் தாருங்கள். குடும்பத்தினருக்கு ஆய்வேடு வேண்டாம். அவர்களுடைய குழந்தை எந்த வகைக் கேள்விக்கு விடை சொன்னது, எந்த நடையில் எளிதாகப் புரிந்துகொண்டது, வீட்டில் எப்படிப்பட்ட கதையைச் சேர்ந்து வாசிக்கலாம் என்பதை நல்ல தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.