நீறு பூக்கும் வரை பொறுங்கள்: ஜூலை நான்குக்கு ஒரு கரி அடுப்பு விருந்து

எங்கள் வீட்டின் முதல் ஜூலை நான்கு (அமெரிக்க விடுதலை நாள்) விருந்தில் கோழி வெளியே கரிக்கட்டை, உள்ளே பச்சை. பன்னிரண்டு பேர் காகிதத் தட்டோடு கொல்லையில் நிற்கிறார்கள். கடைசியில் பீட்சாவுக்குப் போன் போட்டோம். வந்தவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அமெரிக்காவுக்கு வந்து முதன்முதலாகக் கரி கிரில் வாங்கியிருப்பவர்களுக்கு அந்தக் கதி வரவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கேஸ் கிரில்காரர்கள் படி 2, 3 இரண்டையும் தாண்டிப் போகலாம். சமையலறை அடுப்பைத் தோட்டத்துக்குத் தூக்கி வந்த மாதிரி இருக்கும் அதன்மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது.

படி 1: முதல் நாள் இரவு

கோழியில் நெஞ்சுக்கறி வேண்டாம், காய்ந்து சக்கையாகிவிடும். எலும்போடு இருக்கும் தொடைக்கறி வாங்குங்கள். பன்னிரண்டு பேருக்கு எட்டு பவுண்டு தாராளம். தயிர், மிளகாய்த் தூள், மஞ்சள், இஞ்சி பூண்டு விழுது, உப்பு, எலுமிச்சை. அளவு உங்கள் வீட்டு அளவுதான். பிசறி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். கடையில் விற்கும் பார்பிக்யூ சாஸைப் பிடிவாதமாகத் தடவுபவர்கள் கடைசி ஐந்து நிமிடத்தில் தடவவும். அதிலுள்ள சர்க்கரை முதலிலேயே போனால் கருகிவிடும்.

பனீர், குடைமிளகாய் குத்த மரக்குச்சி என்றால் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறட்டும். இரும்புக் கம்பி வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

படி 2: கரி பற்றவைத்தல் (நான் விழுந்த குழி இதுதான்)

அடுப்பு, உருண்டையான கெட்டில் வகையே போதும். சிகாகோ பக்கம் வெபர் சகோதரர்களின் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் 1952-இல் தண்ணீரில் மிதக்கவிடும் மிதவைக்கான உலோகக் கோளத்தை இரண்டாக வெட்டிச் செய்தது. கீழே பாதி, மேலே மூடி. இன்றும் அதே வடிவம்தான்.

கரியில் இரண்டு வகை. ஒன்று, மரத்தை அப்படியே சுட்ட கட்டிக்கரி. மற்றது, தலையணை வடிவத்தில் அழுத்திய பிரிக்கெட். இதைப் பரப்பியவர்களில் கார்க்கார ஹென்றி ஃபோர்டும் ஒருவர். 1920-களில் மிச்சிகனில் அவருடைய மர ஆலையில் மிஞ்சிய துண்டு துணுக்குகளைக் கரியாக்கி அழுத்தி விற்கத் தொடங்கினார். பின்னால் அது ஃபோர்டின் உறவினர் கிங்ஸ்ஃபோர்டின் பெயரில் விற்பனைக்கு வந்தது. புதியவர்களுக்கு பிரிக்கெட்தான் சரி, ஒரே சீராக எரியும். கட்டிக்கரி நல்ல மணம், ஆனால் ஒரு துண்டு பாறை, ஒரு துண்டு பொடி.

பற்றவைக்கும் திரவம் வாங்காதீர்கள். கறியில் மண்ணெண்ணெய் வாடை வரும். வாங்கியே தீருவேன் என்றால், எரிகிற கரிமேல் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், தீ டப்பா வரைக்கும் தாவும். அதற்குப் பதில் சிம்னி ஸ்டார்ட்டர் என்று கேளுங்கள். கைப்பிடி வைத்த தகர உருளை, அவ்வளவுதான். மேல்தட்டில் கரியை நிரப்பி, கீழே இரண்டு செய்தித்தாள் பக்கங்களைச் சுருட்டி வைத்து, காகிதத்தில் கொஞ்சம் சமையல் எண்ணெய் தெளித்துப் பற்றவையுங்கள். எண்ணெய் இருந்தால் காகிதம் நின்று எரியும். அடுப்பின் அடிக்காற்றுத் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று முதலிலேயே பாருங்கள். போன தடவைச் சாம்பல் அடைத்திருந்தால் எவ்வளவு ஊதினாலும் பிடிக்காது.

சரி, குழி எங்கே? பத்து நிமிடத்தில் தீ ஜுவாலையாக மேலே வரும். பார்க்க அழகாக இருக்கும். ஆகா, தயார் என்று நான் அப்போதே கறியைப் போட்டேன். அதுதான் தப்பு.

மறு வருடம் மாமனார் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், நான் இடுக்கியை எடுத்ததும், "மாப்பிள்ளை, கரி இன்னும் நீறு பூக்கல. பொறுங்க," என்றார். அவர் காலத்தில் சட்டைக்குக் கரி இஸ்திரிப் பெட்டி. ஜுவாலை அடங்காத கரியைப் பெட்டியில் போட்டால் துணி போச்சு என்று அவருக்குச் சின்ன வயதிலேயே தெரியும். நீறு பூத்த நெருப்பு என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன், அதை ஒரு சமையல் குறிப்பாக நினைத்ததே இல்லை. கரியின் மேல் சாம்பல் நிறம் போர்த்தி, உள்ளே சிவப்பு தெரியவேண்டும். பற்றவைத்ததிலிருந்து இருபது, இருபத்தைந்து நிமிடம். அப்புறம்தான் சிம்னியைக் கவிழ்க்கலாம்.

அந்த இருபத்தைந்து நிமிடம்

சும்மா நின்றால் கை பரபரக்கும். அதற்காக எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. 1776-இன் அமெரிக்க விடுதலை அறிக்கையை அச்செடுத்து வைத்துக்கொண்டு வாசிப்போம். முழுதாக வாசித்தாலே பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நடுவில் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மேல் 27 குற்றச்சாட்டுகள் வரும். ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுங்கள், குழந்தைகள் கோர்ட்டில் வக்கீல் மாதிரி படிப்பார்கள். எங்கள் சம்மதம் இல்லாமல் வரி போட்டார், உலகத்தோடு வியாபாரத்தைத் துண்டித்தார், எங்கள் ஊரில் பட்டாளத்தைக் கொண்டுவந்து வைத்தார். வரி என்றதும் மாமனார் உப்புக்கு வரி போட்ட கதையை எடுத்துவிட்டார், கிட்டத்தட்ட வேதாரண்யம் வரைக்கும் நடந்துவிட்டோம்.

கடைசிக் குற்றச்சாட்டில் இந்த மண்ணின் பூர்வகுடிகளை இழிவாகப் பேசும் சொற்கள் வரும். என் மகள் அங்கே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அறிக்கையை எழுதிய ஜெஃபர்சனின் வரைவில் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து ஒரு பத்தி இருந்ததையும், காங்கிரஸ் (அன்றைய அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை) அதை வெட்டி எறிந்ததையும், ஜெஃபர்சனிடமே அடிமைகள் இருந்ததையும் சொன்னேன். "அப்போ அவர் எழுதினது பொய்யா?" என்று கேட்டாள். அதற்குள் கரி நீறு பூத்துவிட்டது. பதில் இன்னும் பாக்கி.

இன்னொன்று: காங்கிரஸ் விடுதலைக்கு வாக்களித்தது ஜூலை 2-இல். வருங்காலத்தில் அந்த நாளை ஊர்வலமும் வாணவேடிக்கையுமாகக் கொண்டாடுவார்கள் என்று விடுதலைத் தலைவர்களில் ஒருவரான ஜான் ஆடம்ஸ் மனைவிக்குக் கடிதம் எழுதினார். எல்லாம் பலித்தது, தேதி மட்டும் தப்பு. அறிக்கையின் வாசகத்தை ஏற்றது நான்காம் தேதி என்பதால் அதுவே நின்றுவிட்டது. அந்த ஆடம்ஸும் ஜெஃபர்சனும் சரியாக ஐம்பதாம் ஆண்டில், 1826 ஜூலை 4 அன்று, ஒரே நாளில் இறந்தார்கள்.

படி 3: கரியை ஒரு பக்கமாக ஒதுக்குங்கள்

முழு அடுப்பிலும் பரப்பவேண்டாம். ஒரு பாதியில் கரி, மறு பாதி காலி. தீ உள்ள பக்கம் சுடுவதற்கு, காலிப் பக்கம் வேகவைப்பதற்கு. கம்பிமேல் நாலு விரற்கடை உயரத்தில் கையைக் காட்டுங்கள். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டால் நல்ல சூடு.

படி 4: சுடுவது

முதலில் சைவம். கம்பி சுத்தமாக இருக்கும்போதே அவர்களுக்கு முடித்துக் கொடுத்துவிடுங்கள், இடுக்கியும் தனி. இது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம்.

சோளம் உரித்து நேரடித் தீயில் எட்டுப் பத்து நிமிடம், திருப்பித் திருப்பி. இங்கே வெண்ணெய் தடவுவார்கள். நான் பாதி எலுமிச்சையை மிளகாய்த் தூளும் உப்பும் கலந்த தட்டில் ஒற்றித் தேய்ப்பேன், மெரினா மணலில் நின்று தின்ற மாதிரி. போன வருடம் பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெரியவர் நான்கு தின்றார்.

கோழியைக் காலிப் பக்கம் வைத்து மூடிவிடுங்கள். முப்பத்தைந்து, நாற்பது நிமிடம். மூடியை அடிக்கடி திறந்தால் நேரம் இன்னும் இழுக்கும். கடைசி இரண்டு மூன்று நிமிடம் தீப் பக்கம் மாற்றித் தோலை முறுகவிடுங்கள். வெந்ததா என்று நிறத்தை வைத்துச் சொல்லமுடியாது. பதினைந்து டாலர் கறி வெப்பமானி ஒன்று வாங்குங்கள், இந்தப் பதிவில் நான் கெஞ்சிக் கேட்பது இது ஒன்றுதான். எலும்பில் படாமல் குத்தினால் 165 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டவேண்டும். தொடைக்கறி 175 வரை போனால் இன்னும் மெத்தென்று இருக்கும். பர்கருக்கு மாட்டுக்கறி என்றால் 160, வான்கோழி என்றால் 165. ஹாட் டாக் ஏற்கெனவே வெந்ததுதான், குழந்தைகளே உருட்டி எடுத்துக்கொள்வார்கள்.

மிச்சத்தை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். தயிர்ப் பச்சடிக்கும் உருளைக்கிழங்கு சாலட்டுக்கும் இது பொருந்தும்.

படி 5: கொடி கேக்

கடையில் வாங்கிய சாதா கேக்மேல் அடித்த கிரீம், இடது மேல் மூலையில் புளூபெர்ரி, கோடுகளுக்கு ஸ்ட்ராபெர்ரி. பழத்தைக் கழுவித் துணியில் ஒரு மணி நேரம் காயவிடுங்கள். ஈரத்தோடு வைத்த வருடம் வெள்ளைக் கோடெல்லாம் ரோஸ் நிறமாகிவிட்டது. 13 கோடும் வேண்டும் என்று என் மகள் அடம்பிடித்தாள். 9 அங்குல கேக்கில் ஏழுக்குமேல் நிற்காது. 50 நட்சத்திரத்தை நினைக்கவே வேண்டாம்.

நிஜக் கொடியைச் சுவரில் நெட்டுக்குத்தாகத் தொங்கவிட்டால், பார்ப்பவருக்கு நீலக் கட்டம் இடது மேல் பக்கம் வரவேண்டும். நான் மாற்றித் தொங்கவிட்டிருந்தேன். சோளம் தின்ற அதே பெரியவர்தான் ஒன்றும் சொல்லாமல் ஏணியைக் கொண்டுவந்து பிடித்தார். தூக்கி எறியும் காகிதக் கைக்குட்டையில் கொடியை அச்சிடக்கூடாது என்றும் கொடி விதிகளில் இருக்கிறது. கடைக்குப் போய்ப் பாருங்கள், அடுக்கி வைத்திருப்பார்கள்.

படி 6: இரவு

ஊர் வாணவேடிக்கை நன்றாக இருட்டிய பிறகுதான். எங்கள் நியூ ஜெர்சியில் ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிடும். குழந்தைகளை மத்தியானம் தூங்கவையுங்கள். பாய், கொசு மருந்து, புளியோதரை. கம்பி மத்தாப்பு நமக்குத் தீபாவளிப் பழக்கம்தான், ஆனால் அதன் நுனி 2000 டிகிரி ஃபாரன்ஹீட் அளவுக்குச் சுடும். வாளியில் தண்ணீர் வைத்து, எரிந்த கம்பியை உடனே அதில் போடுங்கள். ரப்பர் செருப்பு வேண்டாம், ஷூ.

பின்சேர்க்கை 1: மாசசூசெட்ஸிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அங்கே தனியார் பட்டாசு மொத்தமும் தடை, கம்பி மத்தாப்புகூடக் கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு, வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: அடுக்குமாடி பால்கனியில் கரி மூட்டலாமா என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். கூடாது. பல பூங்காக்களில் இரும்பு கிரில் நட்டு வைத்திருப்பார்கள். ஆனால் அன்றைக்குக் காலை எட்டு மணிக்கே போய் இடம் பிடிக்கவேண்டும்.

பின்சேர்க்கை 3: சாம்பலைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். மறுநாள் காலை, ஆறிவிட்டது என்று நம்பிப் பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டினேன். தொட்டியின் அடி உருகிவிட்டது. நீறுக்குள் நெருப்பு இருக்கும் என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. எல்லாக் காற்றுத் துளைகளையும் மூடி, இரண்டு நாள் விட்டு, தகர வாளியில் எடுங்கள்.

மூடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. மாமியார் கண்டுபிடித்தது. எல்லாரும் சாப்பிட்டு முடித்தபின் அடங்கிக்கொண்டிருக்கும் கரிமேல் இரண்டு பெரிய கத்தரிக்காயை எண்ணெய் தடவிப் போட்டுவிடுங்கள். வாணவேடிக்கைக்குக் கிளம்பும் முன் தோல் கருகி உள்ளே குழைந்திருக்கும். மறுநாள் காலை இட்லிக்குக் கொத்சு.