கடலோரத்தில் தளம் போடும் முன் உப்பைக் கவனியுங்கள்

வேதாரண்யத்திலிருந்து தரங்கம்பாடி வரை கடலை ஒட்டி வீடு கட்டுகிறவர்கள் பலரும் உப்புக்காற்று கான்கிரீட்டை அரித்துவிடும் என்றுதான் பயப்படுகிறார்கள். உண்மையில் அடி வாங்குவது உள்ளே இருக்கும் கம்பி. உப்பில் இருக்கும் குளோரைடு அதுவரை போய்விட்டால் கம்பி துருப்பிடிக்கும், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், கான்கிரீட் உள்ளிருந்தே வெடித்துப் பெயரும்.

லட்சத்தீவு, மாலத்தீவு பக்கம் கருங்கல் கிடையாது என்பதால் பவளக்கல்லையே உடைத்து ஜல்லியாகப் போட்டார்கள். அது முழுக்கத் துளை, தண்ணீரை உறிஞ்சும், கடல் உப்பையும் உள்ளேயே வைத்திருக்கும். கம்பி இல்லாத கட்டுமானத்துக்கு ஒப்பேறும், கம்பி கட்டிய தளத்துக்கு வினைதான். (இப்போது இந்தியாவில் பவளம் எடுப்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.) நம் காவிரி டெல்டா கரையில் பவளம் இல்லை, சரி, ஆனால் கிளிஞ்சல் கலந்த கடற்கரை மணலும் உப்புக் கரிக்கும் போர் தண்ணீரும் அதே வேலையைச் செய்யும்.

அதனால் கடல் மணலைச் சேர்க்கவே வேண்டாம். போர் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்; கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 தரும் வரம்பு, தாண்டினால் நல்ல தண்ணீர் லாரியைச் சொல்லிவிடுங்கள். போட்ட கான்கிரீட்டை நனைத்து ஈரமாக வைக்கும் க்யூரிங்குக்கும் உப்புத் தண்ணீர் ஆகாது.

அடுத்து கவர், அதாவது கம்பியை வெளிப்பக்கம் மூடும் கான்கிரீட்டின் கனம். இதில்தான் மேஸ்திரியோடு சண்டை வரும், ஏனென்றால் 20 மில்லிமீட்டர் கட்டையை வைத்தே பழகியவர்கள் அவர்கள், கடற்காற்று நேரடியாகப் படுகிற இடத்துக்கோ அதே விதி 45 மில்லிமீட்டர் கேட்கிறது. ஜல்லித் துண்டை முட்டுக்கொடுக்க விடாதீர்கள், கான்கிரீட்டிலேயே செய்த கவர் பிளாக் வாங்குங்கள். கலவையின் பலத் தரம் எம்30க்குக் குறையக் கூடாது. தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45, அதாவது 50 கிலோ மூட்டைக்கு மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து 22.5 லிட்டர்தான். இளக்கம் போதவில்லையென்றால் தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் சேர்க்கலாம், குடத்தைத் தூக்கி ஊற்றக் கூடாது.

சிமெண்டில் பிபிசி (அனல்மின் நிலையச் சாம்பல் போன்றவை கலந்தது) அல்லது ஸ்லாக் (இரும்பாலைக் கசடு கலந்தது) எடுங்கள். கடலோரம் என்றதும் சல்பேட் தாங்கும் சிமெண்டைக் கடைக்காரர் நீட்டுவார், குளோரைடைப் பிடித்து வைப்பதில் அது பின்தங்கியதுதான். பிபிசி, ஸ்லாக் இரண்டுக்குமே குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெயில் காலமென்றால் 14.

ஏற்கெனவே கட்டிய வீட்டில் கம்பியோட்டத்திலேயே நீளமாக விரிசல் விட்டிருந்தால் மேலே பூசி மறைக்காதீர்கள். முட்டுக்கொடுத்துவிட்டு, கம்பிக்குப் பின்னால் வரை கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, கம்பி மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக்கம்பி சேர்த்த பிறகுதான் பூச்சு.