விலை கூடிய ரீல், விலை குறைந்த ரீல்: ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம்?

மீன்பிடிக்கும் தூண்டிலுக்கு ரீல் வாங்கப் போகிறவர்களில் பாதிப் பேர் ஒப்பிடுவது ரீலை அல்ல, பெட்டி மேல் அச்சடித்த எண்களை. 12+1 பேரிங் (12 பால் பேரிங், ஒரு ரோலர் பேரிங்) போட்ட மலிவு ரீல், 4+1 போட்ட ஷிமானோ, டைவா போன்ற பெயர்பெற்ற கம்பெனி ரீலை விட உசத்தி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எத்தனை பேரிங் என்பதைவிட அவை துருப்பிடிக்காத வகையா, எந்த இடத்தில் இருக்கின்றன என்பதுதான் விஷயம். உப்புத் தண்ணீரில் சீக்கிரமே மக்கர் பண்ணுவது லைன் ரோலர், அதாவது நரம்பைச் சுற்றிவிடும் வளைந்த பெயில் கம்பியின் ஓரத்தில் நரம்பு (தூண்டில் இழை) ஏறி ஓடும் அந்தச் சின்ன உருளை. அது இறுகிவிட்டால் பிரெய்டு என்கிற பின்னல் நரம்பு ஒரே இடத்தில் உராய்ந்து பிசிறடிக்கும். கடையில் வெறும் கைப்பிடியைச் சுழற்றி ‘வெண்ணெய் மாதிரி இருக்கு’ என்கிறோமே, அப்போது இந்த உருளை சுற்றுவதே இல்லை. ஒரு துண்டு நரம்பை அதன் மேல் போட்டு இழுத்துப் பாருங்கள்.

அப்புறம் டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் பிரேக். ‘15 கிலோ டிராக்’ என்று பார்த்ததும் மயங்க வேண்டாம். நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் டிராக் வைப்போம். 20 பவுண்டு பிரெய்டு என்றால் இரண்டேகால் முதல் மூன்று கிலோ, அவ்வளவே. முகத்துவாரத்தில் கொடுவா அடித்துவிட்டுத் திரும்பி ஓடும் அந்த முதல் நொடியில் டிராக் தயங்காமல் நரம்பை விடுகிறதா என்பதுதான் கேள்வி. மோசமான டிராக் ஒரு கணம் பிடித்துவைத்து, பிறகு சட்டென்று விடும். நரம்பு அறுவது அந்தப் பிடிப்பில்தான். பெட்டியில் இதற்கு எண் கிடையாது, அதனால் கடையிலேயே அளவாக இறுக்கி, மெதுவாக இழுத்து, விட்டுவிட்டு இழுத்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஏரியில் விரால் பிடிக்க ஷிமானோவின் விலை கூடிய ஸ்டெல்லா ரீல் வாங்குவது காசைக் கரியாக்குகிற வேலை என்பேன். விராலைப் பாசிக்குள் ஓடவிட்டால் கதை முடிந்தது, அதனால் தடித்த பிரெய்டு போட்டு டிராக்கை இறுக்கிவைத்து ஒரே இழுவையில் வெளியே கொண்டுவருவோம். மென்மையான டிராக்குக்கு அங்கே என்ன வேலை? உடல் வளையாத ஒரு சாதாரண ரீல் போதும். அந்தமானில் பெரிய பாரை மீனுக்குப் பாப்பர் (நீர்மேல் தெறித்து வரும் பொய் இரை) போடப் போகிறீர்கள் என்றால் சரி, அங்கே மலிவு ரீலோடு போய் நிற்காதீர்கள்.

ரீலின் அளவைச் சொல்லும் 4000 என்ற எண்ணை வைத்து இரண்டு கம்பெனி ரீல்களை ஒப்பிடுவதும் வீண். அதற்குப் பொது அளவு இல்லை. ஸ்பூலில் எவ்வளவு நரம்பு பிடிக்கும், எடை எவ்வளவு, ஒரு சுற்றுக்கு எத்தனை சென்டிமீட்டர் இழுக்கும் என்று பாருங்கள்.

விலை கொடுத்து வாங்கியாயிற்று, இனி கவலையில்லை என்று உப்பு போக வாளித் தண்ணீரில் முக்கி எடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். சீல் இருந்தாலும் அது வேண்டாத வேலை. டிராக்கை இறுக்கிவிட்டு மெல்லிய தூறலாக நல்ல தண்ணீர் விட்டால் போதும், காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்திவையுங்கள். டைவாவின் மேக்சீல்டு ரீல் என்றால் இன்னொன்று: தண்ணீரைத் தடுப்பது உள்ளே காந்தம் பிடித்துவைத்திருக்கும் எண்ணெய். கிரீஸ் போடலாமென்று வீட்டில் கழற்றினால் அது போய்விடும். சாதாரண ரீலை நீங்களே திறந்து மூடலாம், இதற்கு சர்வீஸ் சென்டர் வேண்டும். அது உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.