போட்டுட்டு மறந்துடற மாதிரி கம்ப்யூட்டருக்கு ஒரு வாட்டர் கூலிங் லூப்

முதல்ல ஒண்ணு, அலுமினியம் ரேடியேட்டரையும் காப்பர் பிளாக்கையும் (சிபியு மேல உக்காந்து சூட்டைத் தண்ணிக்குக் கடத்தறது) ஒரே லூப்ல போடாதீங்க, அலுமினியம் அரிச்சுக்கிட்டே போகும், நல்ல கூலன்ட் ஊத்தினா கொஞ்சம் தள்ளிப்போகும் அவ்ளோதான். காப்பர், பித்தளை, நிக்கல் பூச்சு, இது போதும்.

டியூப்புக்கு கருப்பு ஈபிடிஎம் ரப்பர்தான். பாக்க கார் ஹோஸ் மாதிரி இருக்கும், அழகு கம்மி, ஆனா கண்ணாடி மாதிரி இருக்கிற சாஃப்ட் பிவிசில இருந்து பிளாஸ்டிசைசர் (பிளாஸ்டிக்கை வளைய வைக்கிற கெமிக்கல்) கசிஞ்சு சிபியு பிளாக்கோட ஃபின்ல (உள்ள இருக்கிற மெல்லிசுத் தகடுங்க) பிசினா அடைச்சுக்கும், அப்புறம் பிரிச்சுப் போட்டு டூத்பிரஷ்ஷால தேய்ச்சுக்கிட்டு உக்காரணும் (நான் உக்காந்திருக்கேன்). பால் மாதிரி இருக்கிற கலர் கூலன்ட்டும் இதே கதைதான், கலரில்லாததே வாங்குங்க.

புது ரேடியேட்டர்ல ஃப்ளக்ஸ் (பத்தவைக்கிறப்போ தடவற பசை) மிச்சம் இருக்கும், சுடுதண்ணி ஊத்தி நல்லா குலுக்கிட்டு கடைசில டிஸ்டில்டு வாட்டர்ல அலசிடுங்க. பம்ப் டி5ங்கற மாடல், மெதுவா ஓட விடுங்க. ரிசர்வாயர், அதாவது தண்ணித் தொட்டி, பம்ப்புக்கு மேல.

லூப்ல இருக்கிறதுலயே கீழான இடத்துல ஒரு டிரெயின் வால்வு வெச்சிடுங்க, மறந்தா தண்ணி மாத்தற அன்னிக்கு கேஸையே கவுக்கணும். தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி லீக் டெஸ்டர்ல 0.5 பார் காத்து அடிச்சு அரை மணி நேரம் முள்ளு இறங்குதான்னு பாருங்க.